நம்மவர் என்னும் சொல்

வைகையில் தண்ணீர் ஓடாத மாதங்களில், மதுரைச் சிறுவர்களுக்கு அந்த மணற்பரப்பைக் காட்டிலும் பெரிய விளையாட்டுத் திடல் வேறொன்றில்லை. வடகரையில் கோரிப்பாளையத்திலிருந்தும் செல்லூரிலிருந்தும், தென்கரையில் சிம்மக்கல்லிலிருந்தும் மாலை வேளைகளில் பிள்ளைகள் அங்கே இறங்குகின்றனர். இரண்டு செருப்புகளைச் சில அடி இடைவெளியில் வைத்துவிட்டால் அதுவே கோல் கம்பம். நடுவர் இல்லை, ஊதல் இல்லை. கட்சி பிரிப்பதற்கு 'உத்தி' பிரிக்கும் பழைய முறையே போதும். இருவர் இருவராகத் தனியே சென்று தமக்கு ஏதேனும் பெயர் சூட்டிக்கொண்டு வருவர். தலைவன் ஒரு பெயரைக் கேட்பான். அப்பெயருக்குரியவன் அவன் பக்கம், மற்றவன் எதிர்ப்பக்கம். அந்தக் கணத்திலிருந்து பொழுது சாயும் வரை இரு கட்சியாரும் உயிரைக் கொடுத்து ஆடுவர். மறுநாள் உத்தி மாறும். நேற்று எதிர்த்து நின்றவன் இன்று தோளோடு தோள் நிற்பான்.

ஒரு நாள் மாலை, பதினொரு வயது நிரம்பிய என் மகள் வயிற்றுப் பேரன், ஆட்டம் முடியுமுன்னரே வீடு திரும்பினான். கால் கழுவினான், பேசாமல் அமர்ந்திருந்தான். நெடுநேரங்கழித்து, "நன்னா, நம்ம எந்தப் பக்கம்?" என்று கேட்டான். எனக்கு விளங்கவில்லை. பிறகுதான் செய்தி வெளிவந்தது. முந்தின இரவு இந்தியாவும் பாகிஸ்தானும் ஆடிய கிரிக்கெட் ஆட்டத்தை ஊரே தொலைக்காட்சியில் பார்த்திருந்தது. அவன் கட்சியிலேயே ஆடிய ஒரு பையன், சிரித்துக்கொண்டே, "நேத்து நீ யாருக்குக் கை தட்டுன?" என்று கேட்டிருக்கிறான். "நீ என்ன சொன்னாய்?" என்றேன். "ஒண்ணும் சொல்லல. வந்துட்டேன்" என்றான்.

இந்நாட்டில் இக்கேள்வியைச் சந்திக்காத முஸ்லிம் குடும்பம் இருத்தல் அரிது. பள்ளியிலோ, அலுவலகத்திலோ, தேநீர்க் கடையிலோ, வேடிக்கையாகவோ, வேடிக்கை போன்றோ, இது கேட்கப்பட்டே வருகிறது. என் அத்தாவும் கேட்டிருப்பார், நானும் கேட்டிருக்கிறேன். ஆயினும் அந்தச் சிறுவனுக்கு உடனே விடை கூற என்னால் இயலவில்லை. ஏனெனில் அவன் கேட்டது கிரிக்கெட்டைப் பற்றியதன்று. 'நம்மவர் யார்?' என்பதே அவன் வினா. அதைப் பல நாள் எண்ணியதன் பயனே இக்கட்டுரை.

*

முதலில், விளையாட்டில் பக்கம் சேர்வதே குற்றமா என்று காண்போம். பக்திமான்கள் சிலர், விளையாட்டே வீண் என்பர். ஆனால் பெருமானார் (ஸல்) அவர்கள் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களோடு ஓட்டப்பந்தயம் ஓடியதையும், மஸ்ஜிதுந் நபவியில் அபிசீனியர் ஈட்டி விளையாடுவதை அன்னையார் கண்டுகளிக்கச் செய்ததையும் நபிமொழித் தொகுப்புகள் காட்டுகின்றன. ஆகவே வினா விளையாட்டைப் பற்றியதன்று. அதில் மனம் எவ்வாறு நிற்கிறது என்பதைப் பற்றியதே.

ஸஹீஹுல் புகாரியில் ஒரு நிகழ்ச்சி வருகிறது. அஸ்லம் குலத்தார் சிலர் அம்பெய்தல் போட்டி நடத்திக்கொண்டிருந்தனர். அவ்வழியே வந்த நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், எய்யுமாறு அவர்களை ஊக்கி, தாம் ஒரு கட்சியாரோடு இருப்பதாகக் கூறினார்கள். உடனே மற்றக் கட்சியார் கைகளைத் தாழ்த்தி நின்றுவிட்டனர். ஏன் எய்யவில்லை என்று வினவியபோது, தாங்கள் எதிர்க்கட்சியில் இருக்க நாங்கள் எவ்வாறு எய்வோம் என்று அவர்கள் கூறினர். அப்போது நாயகம் (ஸல்) அவர்கள், எய்யுங்கள், நான் உங்கள் அனைவரோடும் இருக்கின்றேன் என்னும் கருத்துப்பட மொழிந்தார்கள்.

இச்சிறு நிகழ்ச்சியில் எத்துணைப் பெரிய பாடம் அடங்கியுள்ளது! பக்கம் சேர்வது தவறன்று; அவர்களே ஒரு பக்கம் சேர்ந்தார்கள். ஆனால் அது மற்றவரின் கையைத் தளரச் செய்தது என்று கண்ட மறுகணமே, அனைவரின் பக்கமும் ஆனார்கள். ஒருவர் பக்கம் நிற்பது மற்றவரை ஆட்டத்திலிருந்தே விலக்கிவிடுமாயின், அப்போது அது விளையாட்டின் எல்லையைக் கடந்துவிடுகிறது. என் பேரனும் அன்று கைதாழ்த்தி நின்றவனே. 'நீ எங்கள் பக்கமா?' என்ற ஐயம் அவனை ஆடவொட்டாமல் செய்துவிட்டது.

தோல்வியைப் பற்றியும் ஒரு பாடம் உண்டு. நாயகம் (ஸல்) அவர்களின் 'அள்பா' என்னும் ஒட்டகத்தைப் பந்தயத்தில் வென்றதில்லை. ஒருமுறை நாட்டுப்புற அரபி ஒருவர் தம் இளம் ஒட்டகத்தில் வந்து அதனை முந்திவிட்டார். தோழர்கள் மனம் வருந்தினர். பெருமானாரோ, இவ்வுலகில் உயர்ந்து நிற்கும் எதனையும் தாழ்த்துவது அல்லாஹ்வின் நியதி என்று உணர்த்தினார்கள். தோற்றது யாருடைய ஒட்டகம் என்பதை எண்ணிப் பாருங்கள்! அதற்காக அந்த நாட்டுப்புறத்தாரை எவரும் வெறுக்கவில்லை.

இவ்வுணர்வு நம் மண்ணுக்கும் அயலானதன்று. தைத் திங்களில் அவனியாபுரத்திலும் பாலமேட்டிலும் அலங்காநல்லூரிலும் வாடிவாசலுக்கு எதிரே நின்றவர்கள் அறிவர்: மாடு பிடிபட்டால் வீரனுக்குப் பரிசு, பிடிபடாமல் சென்றால் மாட்டுக்குப் பரிசு. இருவருக்கும் ஒரே ஒலிபெருக்கியில் ஒரே குரல்தான் வாழ்த்துக் கூறுகிறது.

*

அவ்வாறாயின் தீமை எங்கே தொடங்குகிறது? அரபு மொழியில் 'அஸபிய்யா' என்றொரு சொல் உண்டு. குலப்பற்று, இனப்பற்று என்று அதனை மொழிபெயர்க்கலாம். வரலாற்றறிஞர் இப்னு கல்தூன் 1377-ஆம் ஆண்டில் எழுதி முடித்த 'முகத்திமா'வில், ஒரு கூட்டத்தாரைப் பிணைத்து நிறுத்தும் ஆற்றலாகவே இதனைக் கண்டார். அரசுகள் எழுவது இதன் வலிமையால், விழுவது இதன் தளர்ச்சியால் என்றார். அது சமூக நூலாரின் பார்வை. அறநூலாரின் பார்வை வேறு. தன் கூட்டத்தாரை நேசிப்பது அஸபிய்யா ஆகுமா என்று ஒரு தோழர் வினவியபோது, அன்று, தன் கூட்டத்தாருக்கு அவர்தம் அநீதியில் துணை நிற்பதே அஸபிய்யா என்னும் பொருள்பட நாயகம் (ஸல்) அவர்கள் விடையளித்தார்கள்.

அன்பு குற்றமன்று, அநீதிக்குத் துணைபோகும் அன்பே குற்றம். இவ்வளவு தெளிவாகக் கோடு கிழித்த பின்னரும் நாம் அதனைக் காணத் தவறுகிறோம்.

இதற்கு நிகழ்ச்சி வடிவில் ஒரு விளக்கமும் உண்டு. ஒரு போர்ப் பயணத்தின்போது, முஹாஜிர் ஒருவர் அன்ஸாரி ஒருவரை உதைத்துவிட்டார். அடிபட்டவர் அன்ஸாரிகளைக் கூவி அழைத்தார். அடித்தவர் முஹாஜிர்களைக் கூவி அழைத்தார். இது கேட்ட நாயகம் (ஸல்) அவர்கள், இது அறியாமைக் காலத்து அழைப்பு, துர்நாற்றமுடையது, விட்டொழியுங்கள் என்று கண்டித்தார்கள். முஹாஜிர், அன்ஸாரி என்னும் அவ்விரு பெயர்களும் எத்தகையவை? திருமறையே புகழும் திருப்பெயர்கள். நாடு துறந்தவரின் தியாகமும், வீடு கொடுத்தவரின் ஈகையும் அவற்றில் மணக்கின்றன. அத்தகைய பெயர்களே, நியாயம் எதுவெனப் பாராமல் ஆள் திரட்டும் கூக்குரலாக மாறியபோது நாறிவிட்டன. எனவே பெயரில் தூய்மை இருப்பது போதாது; அப்பெயரை எதற்காகக் கூவுகிறோம் என்பதே முதன்மையானது.

*

இனி, இவ்வினா ஒரு சிறுவனின் கேலிப்பேச்சாக இன்றி, உயிருக்கும் உடைமைக்கும் உரிய வினாவாக நின்ற ஓர் ஊரையும் ஒரு காலத்தையும் நோக்குவோம். ஊர் கல்கத்தா. காலம், நாடு பிளவுண்டதை அடுத்த ஆண்டுகள். விளையாட்டு கால்பந்து.

கல்கத்தாவின் மைதானத்தில் ஒவ்வொரு கோடையிலும் கால்பந்து லீக் ஆட்டங்கள் நடைபெற்றுவந்தன. 1911 ஜூலை 29 அன்று மோகன் பகான் அணியினர், பெரும்பாலும் வெறுங்காலோடு ஆடி, ஈஸ்ட் யார்க்ஷயர் படையணியை 2–1 என்று வென்று ஐ.எஃப்.ஏ. கேடயத்தைக் கைப்பற்றினர். அன்று கல்கத்தாவின் 'தி முஸல்மான்' இதழும் அவ்வெற்றியை வாழ்த்தி எழுதியது. ஆனால் லீக் வெற்றி மட்டும் ஆங்கிலேயர் கையிலேயே நின்றது. அதனை 1934-இல் முதன்முதலாகப் பறித்த இந்திய அணி, 1891-இல் தோன்றிய முகமதன் ஸ்போர்ட்டிங். முதல் பிரிவில் ஆடப் புகுந்த ஆண்டிலேயே வென்ற அவ்வணி, 1938 வரை தொடர்ந்து 5 ஆண்டுகள் வாகை சூடிற்று. பெங்களூர் முதலிய தொலைவூர்களிலிருந்தெல்லாம் ஆட்டக்காரர்களைத் திரட்டியதும், மழைநாளில் காலணி அணிந்து ஆடியதும் அதன் வெற்றிக்குக் காரணங்களாகச் சொல்லப்படுகின்றன. நாடெங்கும் முஸ்லிம்கள் பூரித்தனர். தாழ்வுற்றிருந்த ஒரு சமுதாயத்துக்கு அது நிமிர்ந்து நிற்கக் கிடைத்த ஊன்றுகோல். அதில் என்ன குற்றம்?

குற்றம் பூரிப்பில் இல்லை. அது எவ்வாறு மாறியது என்பதில் இருந்தது. முப்பதுகளின் பிற்பகுதியில், அரசியலில் பிளவு வளர வளர, மைதானத்திலும் அது புகுந்தது. அணிகளின் பெயர்கள் ஆள் திரட்டும் கூக்குரல்களாயின. 1946 ஆகஸ்ட் 16 அன்று, இன்று ஷஹீத் மினார் என வழங்கும் தூணின் அடியில், அதே மைதானத்தில் மாபெருங் கூட்டம் கூடிற்று. அன்று தொடங்கிய கொலைவெறியில் இரு சமயத்தாரும் ஆயிரக்கணக்கில் மாண்டனர். 1947-இல் லீக் ஆட்டங்கள் நடைபெறவேயில்லை. பந்து உருள வேண்டிய ஊரில் குருதி ஓடியது.

1948-இல் ஆட்டம் மீண்டும் தொடங்கிற்று. அந்த ஆண்டு லீக்கை வென்ற அணி எது தெரியுமா? முகமதன் ஸ்போர்ட்டிங். நாடு பிரிந்த மறுகோடையில், அந்தப் பெயருடைய அணி, அந்த ஊரில், அந்த மைதானத்தில் வென்றது. தோற்ற அணிகளும் அவ்வெற்றியைப் பட்டியலில் ஏற்றுக்கொண்டு அடுத்த ஆண்டு ஆட்டத்திற்கு ஆயத்தமாயின. ஒரு நகரம் நலமுறத் தொடங்கியதற்கு இதனினும் சிறந்த அடையாளம் வேண்டுவதில்லை.

அதனினும் வியப்பானது 1949-ஆம் ஆண்டின் ஆட்டக்காலம். ஈஸ்ட் பெங்கால் என்னும் அணி 1920-இல் தோன்றியது. கிழக்கு வங்காளத்தைப் பூர்வீகமாகக் கொண்டோரின் அணி அது. பிரிவினைக்குப்பின், வீடும் நிலமும் இழந்து அகதிகளாக வந்த லட்சக்கணக்கான இந்துக்களுக்கு, இழந்த ஊரின் பெயரை உரக்கக் கூவ இருந்த ஒரே இடம் அந்த அணியின் ஆட்டக்களமே. முஸ்லிம் என்னும் சொல்லைக் கேட்டாலே அவர்களுள் பலருக்கு நெஞ்சு கசந்திருக்கும். அதற்கு அவர்களிடம் காரணமும் இருந்தது. அந்த ஆண்டு ஈஸ்ட் பெங்கால் லீக், ஐ.எஃப்.ஏ. கேடயம், ரோவர்ஸ் கோப்பை ஆகிய மூன்றையும் வென்றது. அவ்வெற்றிகளைத் தேடித்தந்த முன்வரிசையினர் ஐவர்: வெங்கடேஷ், அப்பாராவ், தன்ராஜ், அகமது கான், சாலே. ஐவரும் தென்னாட்டவர், ஒருவரும் வங்காளியல்லர். அகமது கான் பெங்களூர்க்காரர், 1948 லண்டன் ஒலிம்பிக்கிலும் 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கிலும் இந்தியாவுக்கு ஆடியவர். சாலே கேரளத்தவர். இருவர் முஸ்லிம்கள்.

அந்த அகதிகள் இவ்வைவருக்கும் சூட்டிய பெயர் 'பஞ்சபாண்டவர்'!

தம் இதிகாசத்தின் உயர்ந்த பெயரை எடுத்து, அகமது கானையும் சாலேயையும் அதற்குள் அமர்த்தினார்கள். 1950-இன் தொடக்கத்தில் இரு வங்காளங்களிலும் மீண்டும் கலவரம் மூண்டது. புதிய அகதிகள் வெள்ளம்போல் வந்தனர். ஏப்ரல் 8 அன்று நேரு–லியாகத் அலி உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. அதே ஆண்டின் கோடையில் ஈஸ்ட் பெங்கால் லீக்கையும் கேடயத்தையும் மறுபடியும் வென்றது. அதே கூட்டம், அதே பாண்டவரை, அதே அன்போடு வாழ்த்தியது. 'நம்மவர்' என்னும் சொல் மொழியையும் மண்ணையும் மதத்தையும் கடந்து விரிய வல்லது என்பதற்கு அந்தக் கோடைகள் சான்று.

*

இங்கே ஐயுறுபவர் ஒருவர் குறுக்கிட்டு வினவலாம்: "ஐயா, அது அன்பா, ஆதாயமா? கோல் போடும் வரை பாண்டவர், போடத் தவறினால்? அகமது கானுக்குக் கைதட்டியவர்களெல்லாம் ஒரு சாதாரண முஸ்லிமுக்கு வாடகைக்கு வீடு கொடுத்திருப்பார்களா?"

இது புறந்தள்ளத்தக்க வினாவன்று. வெற்றியின்போது எழும் கைதட்டல் எவரையும் நம்மவராக்கிவிடாது. அண்மைக்கால நிகழ்ச்சியொன்றே இதற்குப் போதும். 2021 அக்டோபர் 24 அன்று துபாயில், இருபது ஓவர் உலகக் கோப்பை ஆட்டத்தில் இந்தியா பாகிஸ்தானிடம் 10 விக்கெட் வேறுபாட்டில் தோற்றது. பந்து வீசியோர் அனைவருமே அன்று தோற்றவர்கள். ஆயினும் முகமது ஷமி ஒருவரின்மீது மட்டும் அவர் சமயத்தைச் சுட்டி வசைமாரி பொழிந்தது. எத்தனையோ வெற்றிகளை ஈட்டித் தந்த கை, ஒரே இரவில் அந்நியன் கையாகிவிட்டது. சில நாட்களில் அணித்தலைவர் விராட் கோலி செய்தியாளர் முன் வந்து, ஒருவரை அவர் மதத்துக்காகத் தாக்குவது மனிதர் செய்யும் இழிசெயல் என்னும் கருத்தை ஒளிவுமறைவின்றிக் கூறி, ஷமியின் பக்கம் நின்றார்.

'நம்மவர்' என்பதன் இலக்கணம் இங்கேதான் கிடைக்கிறது. வென்றபோது தோளில் தூக்குவது ரசிகனின் வேலை. விழுந்தபோது அருகில் நிற்பவனே நம்மவன்.

இது பாதி இலக்கணம்தான். மறுபாதியையும் நபிமொழியே தருகிறது. உன் சகோதரன் அநீதி இழைப்பவனாயினும் அநீதிக்குள்ளானவனாயினும் அவனுக்கு உதவு என்னும் கருத்தில் நாயகம் (ஸல்) அவர்கள் மொழிந்தபோது, அநீதி இழைப்பவனுக்கு எவ்வாறு உதவுவது என்று தோழர்கள் திகைத்தனர். அநீதியிலிருந்து அவனைத் தடுப்பதே அவனுக்குச் செய்யும் உதவி என்று விளக்கம் வந்தது. விழுந்தால் தாங்குவதும், வழுவினால் தடுப்பதும் ஆகிய இவ்விரண்டும் யாருக்கு யார் செய்கின்றனரோ, அவர்கள் ஒருவர்க்கொருவர் நம்மவர். இவ்விலக்கணத்தில் இனமும் இல்லை, மொழியும் இல்லை.

*

பக்கத்து நாட்டானுக்குக் கைதட்டுவதே துரோகம் என்று கருதுவோருக்காக இன்னொரு காட்சி. 1962-இல் ஜகார்த்தாவில் ஆசிய விளையாட்டுப் போட்டிகள். இஸ்ரவேலையும் தைவானையும் இந்தோனேசியா விலக்கிவைத்ததைப் போட்டிச் சம்மேளனத்தைச் சார்ந்த இந்தியரான ஜி. டி. சோந்தி கண்டித்ததால், அந்நகர மக்கள் இந்தியர்மீது சினங்கொண்டிருந்தனர். செப்டம்பர் 4 அன்று கால்பந்து இறுதியாட்டத்தில் இந்தியாவும் தென்கொரியாவும் மோதின. அரங்கம் நிறைந்த கூட்டம் இந்தியாவை எள்ளி ஒலியெழுப்பியது. இந்திய அணியைப் பயிற்றுவித்தவர் ஹைதராபாத்தைச் சேர்ந்த சையது அப்துல் ரஹீம். ஆசிரியத் தொழில் பார்த்தவர். 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் இந்திய அணியை நான்காம் இடத்துக்கு உயர்த்தியவர். அவர் அணியில் இந்துவும் முஸ்லிமும் சீக்கியரும் கிறிஸ்தவரும் இருந்தனர். காப்பு வரிசையில் ஆட வேண்டிய ஜர்னெய்ல் சிங், தலையில் தையல் போட்ட காயத்தோடு முன்வரிசையில் ஆடி ஒரு கோல் போட்டார், பி. கே. பானர்ஜி மற்றொன்று போட்டார். 2–1 என்று தங்கம் வென்றது இந்தியா. அப்போதே புற்றுநோய்க்கு ஆளாகியிருந்த ரஹீம், 1963 ஜூன் 11 அன்று காலமானார். 2024-இல் அவர் வாழ்வு 'மைதான்' என்னும் இந்தித் திரைப்படமாயிற்று.

அந்தப் பகை சூழ்ந்த அரங்கில் இந்தியாவுக்காக ஆரவாரித்த சிறு கூட்டமொன்று இருந்தது என்று, அன்று ஆடியோர் பிற்காலத்தில் நன்றியோடு நினைவுகூர்ந்திருக்கின்றனர். அவர்கள் யார்? பாகிஸ்தான் ஹாக்கி அணியினர். அதே போட்டிகளில் இந்தியாவை வென்று ஹாக்கித் தங்கம் பெற்றவர்கள்! தம் ஆட்டத்தில் இந்தியாவை வெல்ல முழு மூச்சோடு முனைந்தவர்கள், இந்தியர் தனித்து நின்றபோது அவர்கள் பக்கம் அமர்ந்தனர். அதனால் தம் நாட்டுக்கு அவர்கள் குறைந்த பற்றுடையவராகிவிட்டனரா? இல்லை. பற்று என்பது ஒருவனுக்குக் கொடுத்தால் மற்றவனுக்குக் குறைந்துபோகும் காசு அன்று என்பதையே காட்டினர்.

*

இதுவரை பிறரைப் பேசினோம். நம் வீட்டுக்குள்ளும் விளக்கைப் பிடித்துப் பார்க்க வேண்டாவா?

'நீ எந்தப் பக்கம்?' என்று நம்மை மற்றவர் கேட்கும்போது நமக்கு நெஞ்சு எரிகிறது. ஆனால் அதே கேள்வியை நாம் கேட்பதில்லையா? ராவுத்தரா, லெப்பையா, மரைக்காயரா என்று கேட்டபிறகே பெண் கொடுப்பதைப் பற்றி எண்ணுகிறோம். வீட்டில் தமிழா உர்தூவா என்று கேட்டபிறகே நெருங்குகிறோம். எந்த ஜமாஅத், எந்த இயக்கம் என்று அறிந்தபிறகே ஸலாமில் எவ்வளவு இனிமை கலப்பது என்று முடிவு செய்கிறோம். நம் ஜமாஅத்துக்காரர் ஒருவர் வக்ஃபு சொத்தில் கைவைத்தால், வெளியில் தெரிந்தால் சமுதாயத்துக்கு இழுக்கு என்று மூடி மறைக்கிறோம். தட்டிக்கேட்பவனையே துரோகி என்கிறோம். உங்களுக்கோ, பெற்றோருக்கோ, உறவினருக்கோ எதிராயினும் நீதியில் நிலைத்து நில்லுங்கள் என்று அந்நிஸா அத்தியாயத்தின் 135-ஆம் வசனமும், ஒரு கூட்டத்தார்மீதுள்ள பகை உங்களை நீதி தவறச் செய்ய வேண்டாம் என்று அல்மாயிதாவின் 8-ஆம் வசனமும் கட்டளையிடுகின்றன. முன்னது அன்பு நீதியை மறைப்பதைத் தடுக்கிறது. பின்னது வெறுப்பு நீதியை மறைப்பதைத் தடுக்கிறது. இவ்விரு வசனங்களையும் ஓதும் நாம், எத்தனை முறை இரண்டையும் மீறுகிறோம்!

நம்மை ஐயுறுபவர் நம்முன் வைக்கும் சோதனையில் இன்னும் இரண்டு குழிகள் உள்ளன. ஒன்று, ஐயத்தைப் போக்க வேண்டுமென்று அளவுக்கு மீறி உரக்கக் கூவுவது; உள்ளத்தில் இருக்கும் இயல்பான நாட்டுப்பற்றை, பிறர் காணவேண்டும் என்பதற்காக மேடையேற்றுவது. மற்றது, 'நீ என்னை ஐயுறுகிறாயா? அப்படியானால் பார்' என்று, நெஞ்சில் இல்லாத எதிர்ப்பக்கத்தை வீம்புக்காக ஏற்பது. இரண்டும் ஒன்றே. இரண்டிலும் நம் உள்ளம் நம் கையில் இல்லை. கேட்டவன் கைக்குப் போய்விடுகிறது. அவன் கோலெடுத்தால் இது ஆடுகிறது, அவ்வளவே.

*

ஆகவே பேரனிடம் ஒரு நாள் அமர்ந்து பேசினேன். இவ்வளவு நீளமாகவன்று, பதினொரு வயதுக்குத் தக்க அளவில்.

"தம்பி, நம் முன்னோரின் கபுருகள் இந்த ஆற்றின் கரையில்தான் இருக்கின்றன. நாயகம் (ஸல்) அவர்கள் மக்காவைவிட்டு நீங்கும்போது, தம்மைத் துரத்திய அந்த ஊரையும் தமக்கு உவப்பான மண் என்று சொல்லித்தான் பிரிந்தார்கள். ஊரை நேசிப்பதற்கு ஊராரின் சான்றிதழ் வேண்டியதில்லை. நம் நாடு ஆடினால் நம் நாடு வெல்ல வேண்டும் என்று விரும்பு. யாரும் கேட்காவிட்டாலும் விரும்பு. எதிரணியான் நன்றாக ஆடினால் 'நன்று' என்று சொல். யார் முறைத்தாலும் சொல். நம்மவன் தவறு செய்தால் 'தவறு' என்று சொல். அவன் பெயர் உன் பெயரைப் போல் இருந்தாலும் சொல்."

"கேட்டவன்கிட்ட என்ன சொல்றது?" என்றான்.

"அவன் பிள்ளை. வீட்டில் பெரியவர்கள் பேசியதை எடுத்துவந்து உன்னிடம் கேட்டிருக்கிறான். கேட்டதற்கு விடை சொல்; மனத்தில் வஞ்சம் வைக்காதே. ஆனால் ஆட்டத்தை மட்டும் விட்டுவிட்டு வராதே."

கடைசியாகச் சொன்னதே முதன்மையானது என்று இப்போது எண்ணுகிறேன். அம்பெய்தல் களத்தில் கைதாழ்த்தி நின்றவர்களுக்கு நாயகம் (ஸல்) அவர்கள் விரிவுரை நிகழ்த்தவில்லை. எய்யுங்கள் என்றே சொன்னார்கள். ஆட்டத்தைவிட்டு வெளியேறுபவன், எவ்வளவு நியாயத்தோடு வெளியேறினாலும், களத்தை ஐயுறுபவனிடமே விட்டுவிட்டு வருகிறான். கல்கத்தாவில் 1948-இல் முகமதன் ஸ்போர்ட்டிங் ஆட வராமல் இருந்திருந்தால், அதன் கதையை அதன் எதிரிகளே எழுதியிருப்பார்கள். 1949-இல் அகமது கானும் சாலேயும் பெங்களூரிலும் கேரளத்திலும் பாதுகாப்பாக இருந்துவிட்டிருந்தால், அந்த அகதிகளுக்குப் பாண்டவர் கிடைத்திருக்கமாட்டார்கள். தாம் இழந்ததைத் தவிர வேறொன்றை நேசிக்கும் வாய்ப்பும் கிடைத்திருக்காது.

பிள்ளைகளைப் பெற்ற பெரியவர்களுக்கு, அவர்கள் எம்மதத்தவராயினும், ஒரு வேண்டுகோள். தொலைக்காட்சியின் முன் நாம் உதிர்க்கும் ஒவ்வொரு சொல்லும் மறுநாள் மாலை ஆற்றுமணலில் ஒரு சிறுவனின் வாயிலிருந்து வெளிவருகிறது. மற்றொரு சிறுவனின் நெஞ்சில் போய்த் தைக்கிறது. எய்தவர் நாம் என்பது அவ்விருவருக்குமே தெரிவதில்லை.

மறுநாள் அவன் ஆற்றுக்குப் போனான். அன்று உத்தி எவ்வாறு பிரிந்தது, அந்தப் பையன் இவன் பக்கமா எதிர்ப்பக்கமா என்று நான் கேட்கவில்லை. மஃரிப் பாங்கு ஒலித்த பின்னரே வீடு வந்தான். முழங்கால் வரை மணல் அப்பியிருந்தது. அது எனக்குப் போதுமானதாக இருந்தது.

அன்பில் நீதியையும், நீதியில் அன்பையும் தவறவிடாத நெஞ்சத்தை வல்ல நாயன் நம் பிள்ளைகளுக்கும் அவர்தம் விளையாட்டுத் தோழர்களுக்கும் நல்குவானாக!